இல்லத்திலிருந்து கற்ற மகளிர்

கல்வி கற்பதற்கு இன்றியமையாதவை இரண்டு. ஒன்று, கற்பிப்பார் துணை. மற்றொன்று, அமர்ந்து கற்பதற்குரிய பொழுது. பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்லும் மாணவ மாணவியர்க்கு இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்துவிடுகின்றன. மணி அடித்தால் வகுப்புத் தொடங்குகிறது. மீண்டும் மணி அடித்தால் முடிகிறது. அந்தப் பொழுதை நமக்கென்று ஒருவர் ஒதுக்கி வைத்திருக்கிறார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதும் இல்லை. வீட்டை விட்டுச் செல்ல இயலாத நிலையிலும் கற்க விரும்பிய பெண்களுக்கோ இவ்விரண்டும் எளிதிற் கிட்டவில்லை. கற்பிப்பார் துணையை அஞ்சல்வழிக் கல்வி அவர்களுடைய வாயிலுக்கே கொண்டுவந்து சேர்த்தது. ஆனால் பொழுதை அவர்களே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. எவ்வாறு தேடிக்கொண்டார்கள் என்பதைச் சிறிது காண்போம்.

அஞ்சல்வழிக் கல்வி தோன்றுவதற்கு முன்னரே, தாமாக முயன்று கற்ற பெண்கள் நம் நாட்டில் இருந்தார்கள். வங்காளத்தில் ராஸசுந்தரி தேவி என்ற அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தார். படித்த பெண்ணுக்குத் தீங்கு நேரும் என்று பலரும் நம்பிய காலம் அது. இளமையிலேயே மணமாகிப் பெரிய குடும்பத்தின் சுமையை ஏற்ற அவர், வீட்டிலிருந்த பழைய நூலொன்றின் ஓர் ஏட்டை எடுத்து அடுக்களையில் மறைத்து வைத்துக்கொண்டார். தம் மகன் எழுதிப் பழகிய ஓலையையும் அவ்வாறே எடுத்துவைத்தார். ஓலையின் எழுத்தையும் ஏட்டின் எழுத்தையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு, யாரும் அறியாமல் படிக்கக் கற்றார். பின்னர் எழுதவும் கற்றுத் தம் வரலாற்றைத் தாமே எழுதி 1876-இல் வெளியிட்டார். வங்க மொழியின் முதல் தன்வரலாற்று நூல் அதுவே என்பர். அவருக்கு ஆசிரியரும் இல்லை, பொழுதும் இல்லை. வேலைகளுக்கு இடையே கிடைத்த சில நொடிகளே அவருடைய பள்ளிக்கூடமாயின.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், பெண்பிள்ளைகள் பருவம் எய்தியபின் பள்ளிக்குச் செல்லலாகாது என்ற வழக்கத்தால் வீட்டிலேயே தங்க நேர்ந்தது. தந்தையார் கல்வியின் அருமை உணர்ந்தவர். ஆதலால் பாடங்கள் வீட்டிலேயே தொடர்ந்து நடைபெற்றன. 1902-இல் தனித்தேர்வராகவே மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். பின்னர் ஆடவர் பயின்ற மகாராஜா கல்லூரியிற் சேர்ந்து, 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டமும் பெற்றார். அவருடைய அறிவையும் ஊக்கத்தையும் நாம் போற்றுகிறோம். அதனுடன் மற்றொன்றையும் நினைத்தல் வேண்டும். அந்த வீட்டில் ஒரு பெண் படிப்பதற்குரிய பொழுது அவளுடைய உரிமையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ராஸசுந்தரிக்கு மறுக்கப்பட்டது இதுவே.

இனி, அஞ்சல் எவ்வாறு ஆசிரியராயிற்று என்பதைப் பார்ப்போம். 1840-இல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை ஏற்பட்டது. ஐசக் பிட்மன் அதனைப் பயன்படுத்தித் தம் சுருக்கெழுத்து முறையை அஞ்சல் வழியே கற்பித்தார். லண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல், எங்கிருந்து படித்தவரும் தன் தேர்வுகளை எழுதலாம் என்று வாயிலைத் திறந்தது. 1878-இல் பெண்களுக்கும் பட்டம் வழங்க முன்வந்தது. இவற்றினும் நம் பொருளுக்கு நெருக்கமான முயற்சி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்தது. அன்னா எலியட் டிக்னர் என்ற பெண்மணி 1873-இல் இல்லக் கல்விக்கு ஊக்கம் தரும் சங்கம் ஒன்றைப் பெண்களுக்காகவே நிறுவினார். நூல்கள் அஞ்சலில் இரவலாகச் சென்றன. மாணவிக்கும் கற்பிக்கும் பெண்ணுக்கும் இடையே கடிதங்கள் இடையறாது நடந்தன. அச்சங்கத்தார் வற்புறுத்திய பழக்கம் ஒன்று உண்டு. படித்த நூலை மூடி வைத்துவிட்டு, நினைவில் நின்றதை மட்டும் எழுத வேண்டும் என்பதே அது. நூலைப் பார்த்து எழுதுவது கைக்கு வேலை. மூடிவிட்டு எழுதுவது அறிவுக்கு வேலை. இன்றைய மாணவர்க்கும் இதனினும் சிறந்த பயிற்சியைக் கூறுதல் அரிது.

நம் நாட்டில் இவ்வழியைச் செப்பனிட்டவர்களுள் துர்காபாய் தேசமுக் அம்மையார் முதன்மையானவர். இளமையிற் பள்ளியை விட்டவர். உப்பு சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். சிறையினின்று மீண்டபின் தாமே முயன்று காசி இந்து சர்வகலாசாலையின் மெட்ரிகுலேஷன் தேர்வை எழுதினார். பின்னர் பட்டமும் சட்டமும் பயின்றார். தாம் நடந்த பாதை பிறருக்கும் பயன்பட வேண்டும் என்று எண்ணிச் சென்னையில் ஆந்திர மகிள சபையைத் தோற்றுவித்து, படிப்பை இடையில் விட்ட பெண்களை அதே தேர்வுக்கு ஆயத்தம் செய்தார். அவர் தலைமையேற்ற மத்திய சமூக நல வாரியம் 1958-இல் வயதுவந்த பெண்களுக்கான சுருக்கப் பாடத்திட்டத்தைத் தொடங்கியது. இதற்கு முன்பே, 1944-இல், தில்லிப் பல்கலைக்கழகம் கல்லூரியிற் சேராத பெண்களின் கல்விக்கெனத் தனிக் குழு ஒன்றை அமைத்திருந்தது. 1962-இல் அப்பல்கலைக்கழகமே நாட்டின் முதல் அஞ்சல்வழிப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இலும் இப்பணியில் இறங்கின. 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின.

வானொலியும் வாளாவிருக்கவில்லை. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-இல் பாடங்களைத் தொடங்கியபோது வானொலியையும் தொலைக்காட்சியையும் துணையாகக் கொண்டது. நம் நாட்டில் 2001-இல் ஞான வாணி என்ற கல்வி ஒலிபரப்புத் தொடங்கியது. கை வேலையில் இருக்கும்போதும் காது ஓய்வாக இருக்கும் அல்லவா? இல்லத்தில் கற்கும் பெண்ணுக்கு அது பேருதவி.

இத்தகைய பெண்களை நான் வாழும் திருமழிசையிலும் காண்கிறேன். பூவிருந்தவல்லிக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் இது. பிரம்புத் தொழில் செய்வார் இல்லத்தில் வளர்ந்து, பல சமய நூல்களையும் கற்றுத் தெளிந்தார் என்று மரபு போற்றும் ஆழ்வார் பிறந்த ஊர். இன்று தொழிற்பேட்டையும் உண்டு. தொழிற்சாலைக்குச் செல்லும் பெண்களும், கடையிற் கணக்கு எழுதும் பெண்களும், வீட்டைக் கவனிக்கும் தாய்மாரும் தொலைநிலைக் கல்வியிற் சேர்ந்து படிக்கிறார்கள். பால்காரர் வருமுன் எழுந்து படிப்பார் ஒருவர். ஷிப்டு முடிந்து திரும்பும் பேருந்தில் குறிப்பேட்டைப் புரட்டுவார் மற்றொருவர். அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்தில் ஒரு பத்தியை வாய்விட்டுப் படிப்பாரும் உளர். ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பிற் பழகிய இருவர் மூவர் கூடி, ஒருவர் வினவ மற்றவர் விடை கூறிப் படிப்பர்.

எல்லோரும் கரையேறுகிறார்களா என்று கேட்டால், இல்லை. பாடநூற்கட்டு வந்து சேர்ந்த பின்பும் அதனைப் பிரிக்காமலே பரண்மேல் வைத்துவிட்டு, தேர்வுக்குச் சில நாள் இருக்கையில் எடுத்துக் கலங்குவோர் உண்டு. அதனைச் சோம்பல் என்று கூற என் மனம் ஒருப்படவில்லை. நாள் முழுவதும் பிறருக்காக உழைக்கும் ஒருத்தியின் நாளில் அவளுக்கென்று ஒரு நாழிகையும் இல்லையென்றால், அவள் எப்போது பிரிப்பாள்? நான் கண்ட அளவில், தொடங்கியதை முடித்தவர்களிடம் இரண்டு தன்மைகள் இருந்தன. சிறிதாயினும் நாள்தோறும் தவறாத ஒரு நேரத்தை அவர்கள் வைத்திருந்தார்கள். அந்த நேரம் அவர்களுடையது என்பதை வீட்டிலுள்ளார் அனைவரும் அறிந்திருந்தார்கள். முதலாவது பழக்கம், இரண்டாவது நீதி. நீதி இல்லாத இடத்தில் பழக்கம் நெடுநாள் நிலைப்பதில்லை.

2020-ஆம் ஆண்டு கொள்ளைநோயினால் கல்லூரிகள் மூடப்பட்டபோது, மாணவர் அனைவருமே சில காலம் இல்லத்திலிருந்து கற்கும் மாணவராயினர். அப்போது பல வீடுகளில் ஓர் உண்மை வெளிப்பட்டது. அண்ணன் பாடம் கேட்கும்போது, "அவன் படிக்கிறான்" என்று வீடு அமைதி காத்தது. தங்கை பாடம் கேட்கும்போது, "சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய், இதைக் கொஞ்சம் பார்" என்று அழைப்பு வந்தது. கல்லூரிச் சுவர்கள் ஒரு பெண்ணுக்கு எதனைக் காத்துத் தந்தன என்பது அன்று நன்கு விளங்கிற்று.

மாணவச் செல்வங்களே! வீட்டிலிருந்தபடியே கற்ற இம்மகளிரிடமிருந்து நீங்கள் கொள்ளத்தக்கவை பல. சிறு பொழுதையும் வீணாக்காதீர்கள். நூலை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள். கூடிப் படியுங்கள். இவற்றுக்கும் மேலாக, உங்கள் இல்லத்தில் தாயோ, தமக்கையோ, அண்ணியோ அஞ்சல் வழியே படிக்கிறார் என்றால், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் அவர் வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். பாத்திரம் துலக்கலாம், தண்ணீர் பிடிக்கலாம், குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். பாடநூலைப் பல்கலைக்கழகம் அனுப்பிவிடும். அதனைப் படிப்பதற்குரிய பொழுதை வீடுதான் தர வேண்டும்.