நீர்மூழ்கிக் கப்பல் தளத்தில் ஓவிய ஒளி

கட்டடத்தை எழுப்புவோர் ஒரு நோக்கத்துடன் எழுப்புகின்றனர். காலமோ அதனை வேறொரு நோக்கத்திற்கு எடுத்துக்கொள்கிறது. கோட்டைகள் அலுவலகங்களாகவும், அரண்மனைகள் அருங்காட்சியகங்களாகவும் மாறியதை நம் நாட்டிலேயே கண்டிருக்கிறோம். பிரான்ஸ் தேசத்துப் போர்தோ நகரில் நிகழ்ந்த அத்தகைய மாற்றம் ஒன்றை இங்கே காண்போம். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் காப்பதற்கென எழுந்த தளத்தின் ஒரு பகுதி, 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஓவியங்களை ஒளியாகப் பொழியும் கலைக்கூடமாகத் திறக்கப்பெற்றது. 'ஒளிக் குளங்கள்' என்று பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டினர்.

முதலில் அத்தளம் எழுந்த வரலாற்றை நோக்குவோம். 1940ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிரான்ஸ் ஜெர்மனிக்குப் பணிந்தது; அத்திலாந்திக் கடற்கரை முழுவதும் ஹிட்லரின் படைகள் வசமாயிற்று. பிரிட்டனுக்கு உணவும் படைக்கலமும் கொண்டுசெல்லும் கப்பல்களை மூழ்கடிப்பதே ஜெர்மனியின் திட்டம். அதன் பொருட்டு பிரெஸ்ட், லோரியான், சேன்-நசேர், லா பாலிஸ், போர்தோ ஆகிய ஐந்து துறைகளில் நீர்மூழ்கிக் கப்பல் தளங்கள் கட்டப்பட்டன. போர்தோ கடலிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உள்ளே, கரோன் நதிக்கரையில் அமைந்த நகரம். 1940இலேயே இத்தாலிய நீர்மூழ்கிகள் இங்கு வந்து தங்கின. பின்னர் ஜெர்மானியக் கப்பல்களும் வந்தன. 1941 முதல் 1943 வரை நடந்த வேலையில், 11 கப்பல் கொட்டில்களும், வானிலிருந்து விழும் குண்டுகளைத் தாங்கும் கனத்த கூரையும் எழுந்தன. அதற்குச் செலவான கான்கிரீட் சுமார் 6,00,000 கன மீட்டர்.

இவ்வளவு கான்கிரீட்டையும் சுமந்த கைகள் யாருடையவை? இதுவே நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி. 1939இன் தொடக்கத்தில், ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரில் பிரான்கோவின் வெற்றி உறுதிப்பட்டபோது, சுமார் 5 லட்சம் பேர் பிரனீஸ் மலையைக் கடந்து பிரான்சினுள் அடைக்கலம் புகுந்தனர். அவருள் பல்லாயிரவர் கடற்கரை மணலில் அமைந்த முகாம்களில் அடைக்கப்பட்டனர். பிரான்ஸ் வீழ்ந்தபின், இவ்வகதிகள் ஜெர்மானியரின் டோட் என்னும் கட்டுமான அமைப்பின் வேலைக்கு அனுப்பப்பட்டனர். போர்தோ தளத்தில் மட்டும் சுமார் 3,000 ஸ்பானியர் வேறு பல நாட்டினருடன் சேர்ந்து உழைத்தனர். ஒரு சர்வாதிகாரியிடமிருந்து தப்பி வந்தவர்கள் மற்றொரு சர்வாதிகாரியின் போர்க்கோட்டையைக் கட்டவேண்டியதாயிற்று. வேலைக்களத்திலேயே உயிர் துறந்தோரும் உண்டு. தளத்தின் அருகே அவர்களுக்கு இன்று ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது.

1944 ஆகஸ்டு இறுதியில் ஜெர்மானியர் நகரை விட்டு அகன்றனர், தளம் நின்றது. குண்டுக்கு இடியாத கட்டடத்தை உளியும் கடப்பாரையும் என்ன செய்யும்? பல ஆண்டுகள் அது கேட்பாரற்றுக் கிடந்தது. பிற்காலத்தில் அதன் ஒரு பகுதியில் கண்காட்சிகள் நடந்தன. அதன் பின்னரே நான்கு கொட்டில்கள் ஒளிக்கூடமாயின.

அங்கே நிகழ்வது யாது? நீர் நிறைந்த நான்கு பெரும் தொட்டிகள். ஒவ்வொன்றும் 110 மீட்டர் நீளமும் 22 மீட்டர் அகலமும் உடையது. இடையே நடைபாலங்கள். விளக்குகள் அணைந்ததும், கணிப்பொறிகளால் இயங்கும் பல பத்து புரொஜெக்டர் கருவிகள் ஓவியங்களைச் சுவர்களின்மீது படரவிடுகின்றன. உடன் இசை எழுகிறது. சுவரில் பொன்னிறமாகப் பூக்கும் மலர் கீழேயுள்ள நீரிலும் பூக்கிறது. சட்டமிட்ட படத்தின் எதிரே நிற்பதற்கு மாறாக, பார்ப்பவர் படத்தினுள்ளேயே நடக்கிறார். மூல ஓவியம் ஒன்றும் அங்கே இல்லை; உள்ளது ஒளி ஒன்றே.

தொடக்க நாட்களில் காட்டப்பட்டவை குஸ்தாவ் கிளிம்ட், பால் கிளே ஆகியோரின் ஓவியங்கள். இத்தேர்வு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. இசையிலும் வல்லவரான கிளே, நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் ஜெர்மனியில் தம் பேராசிரியர் பதவியை இழந்து சுவிட்சர்லாந்து சென்றார். 1937இல் மியூனிக் நகரில், 'சீரழிந்த கலை' என்று பழித்து நாஜிகள் நடத்திய கண்காட்சியில் அவருடைய படைப்புகளும் இடம்பெற்றன. கிளிம்ட் வியன்னா பல்கலைக்கழகத்திற்கென வரைந்த மூன்று பேரோவியங்கள், 1945 மே மாதத்தில், போர் முடியும் தறுவாயில், இம்மென்டார்ஃப் மாளிகையில் தீக்கு இரையாயின. யாருடைய ஆட்சி கிளேயின் வண்ணங்களை இழிவென்றதோ, அவ்வாட்சி எழுப்பிய சுவரிலேயே அவ்வண்ணங்கள் ஆடின. வரலாறு சில வேளைகளில் இவ்வாறும் தீர்ப்பு எழுதுகிறது.

எனினும், இதனை வெற்றி என்று மட்டும் கூறி அமைந்துவிடலாகாது. பேரொளி சுவரை மறைக்கவும் வல்லது. தங்க வண்ணத்தில் மயங்கி வெளிவருபவர், அச்சுவர் ஏன் எழுந்தது, யார் எழுப்பினர் என்று அறியாமலே வீடு திரும்பலாம். அழகு துயரத்தை ஆற்றலாம். அதனை மறக்கச் செய்தல் ஆகாது. ஆதலின், அத்தகைய இடங்களில் காட்சியைப் போலவே கட்டடத்தின் கதையையும் கூறுதல் கடமையாகும்.

பிழைப்பின் பொருட்டுச் சொந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். நாம் குடியேறிய ஊர்களின் அணைகளிலும், ஆலைகளிலும், நெடுஞ்சாலைகளிலும் வெளியூர்க் கைகளின் உழைப்பு கலந்திருக்கிறது. கல்வெட்டில் திறந்து வைத்தவர் பெயர் நிற்கிறது. கல் சுமந்தவர் பெயர் நிற்பதில்லை. போர்தோவில் ஒவ்வொரு காட்சியும் முடிந்ததும் ஓவியம் மறைகிறது. அடுத்த காட்சி தொடங்குமுன் கான்கிரீட் சுவர் மீண்டும் தன் சாம்பல் நிறத்தைக் காட்டுகிறது. அச்சுவரையும் சற்றே நின்று நோக்குபவரே முழுக்காட்சியையும் கண்டவராவர்.