ஜெனீன் திரையரங்கு: மீட்பும் இழப்பும்

மேற்குக் கரையின் வடபகுதியில் உள்ள ஃபலஸ்தீனச் சிறுநகரம் ஜெனீன். 'தோட்டங்களின் ஊற்று' என்னும் பழம்பெயரே மருவி இவ்வாறு வழங்குவதாக அறிஞர் கூறுவர். இந்நகரின் பழைய திரையரங்கு ஒன்றின் வரலாற்றை நாம் இங்கு நினைவுகூர்வது, கட்டடங்களை மீட்டெடுக்க விழையும் எவருக்கும் அதில் ஒரு பாடம் இருப்பதனாலேயே.

ஜோர்தானிய ஆட்சிக் காலத்தில் எழுந்த அவ்வரங்கு, 1967இல் தொடங்கிய இஸ்ரேலிய ஆக்கிரமிப்பிற்குப் பின்னரும் இயங்கிவந்தது. 1987இல் முதல் இன்திஃபாழா எழுந்தபோது அது மூடப்பட்டது. அதன்பின் இருபதாண்டுகளுக்கும் மேலாகப் பாழடைந்து கிடந்தது.

அதனை மீட்டெழுப்பும் எண்ணம் ஒரு துயரத்திலிருந்து பிறந்தது. 2005 நவம்பரில், நோன்புப் பெருநாளன்று, விளையாட்டுத் துப்பாக்கியுடன் இருந்த அஹ்மத் கதீப் என்னும் சிறுவன் இஸ்ரேலியப் படையினரால் சுடப்பட்டு, ஹைஃபா மருத்துவமனையில் உயிர்நீத்தான். தந்தை இஸ்மாயீல் கதீப் மகனின் உறுப்புகளைத் தானமளித்தார். அவற்றைப் பெற்ற இஸ்ரேலிய நோயாளிகளுள் யூதரும் இருந்தனர். இதனை 'ஜெனீனின் இதயம்' என்னும் ஆவணப்படமாக 2008இல் தந்த இயக்குநர்களுள் ஒருவரான ஜெர்மானியர் மார்கஸ் ஃபெட்டர், அரங்கின் இடிபாட்டைக் கண்டு, கதீபுடன் இணைந்து புதுப்பிக்க முனைந்தார். ஜெர்மன் அரசும் பன்னாட்டுத் தொண்டர்களும் துணைநின்றனர். 2010 ஆகஸ்ட் 5 அன்று திறக்கப்பட்ட அரங்கில் அப்படமே திரையிடப்பட்டது.

எனினும் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. வெளிநாட்டார் முன்னின்ற முயற்சியை, ஆக்கிரமிப்பாளருடன் உறவை இயல்பாக்கும் 'தத்பீஉ' என ஐயுற்றோர் ஊரிலேயே இருந்தனர். செலவை ஈடுசெய்யும் அளவுக்கு வருவாயும் கிட்டவில்லை. யாவற்றினும் முதன்மையானது, கட்டடமும் நிலமும் தனியார் உடைமையாகவே இருந்தமை. உரிமையாளர்கள் விற்றனர், வணிக வளாகம் எழுப்புவதற்காக 2016இன் இறுதியில் அரங்கு இடிக்கப்பட்டது.

உரிமையாளரைப் பழிப்பது எளிது. ஆயினும் ஆக்கிரமிப்பின் கீழ் நலிந்த பொருளாதாரத்தில் நகர்நடுவே உள்ள மனையின் விலை அவர்களுக்கு என்னவாயிருந்திருக்கும் என்பதையும் எண்ணல் வேண்டும். நம் கருத்தில் பிழை வேறிடத்தில் உள்ளது. சுவரும் திரையும் இருக்கையும் புதுப்பிக்கப்பட்டன. உரிமைப் பத்திரம் பழையபடியே இருந்தது. விற்கவோ மரபுரிமையாகப் பங்கிடவோ இயலாதவாறு ஒரு சொத்தைப் பொதுநலனுக்கு ஒப்படைக்கும் வக்ஃப் முறையை நம் முன்னோர் வகுத்ததன் நுட்பம் இங்கு விளங்குகிறது. மண்ணைப் பொதுவாக்காமல் அதன்மேல் எழுப்பப்படும் பொதுப்பணி யாவும் உரிமையாளரின் முடிவொன்றையே நம்பி நிற்கும். ஜெனீனில் அது ஆறாண்டுகள் நின்றது.