ஆட்டின் மேல் யார் முத்திரை?

இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் என்றொரு வட்டாரம். அங்கே பியர்ஸ் என்று ஒரு விவசாயி. கழுத்தளவு கடன். ட்வைன் என்பவருக்கு 400 பவுண்டு, இன்னொருவருக்கு 200 பவுண்டு. இரண்டாமவர் பொறுத்துப் பார்த்துவிட்டு கோர்ட்டுக்குப் போனார். வழக்கு நடக்கும்போதே பியர்ஸ், 300 பவுண்டு பெறுமானமுள்ள ஆடு, தட்டுமுட்டு எல்லாவற்றையும் ஓசைப்படாமல் ட்வைனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஜப்தி செய்ய ஆள் வந்தால், 'இதெல்லாம் ட்வைனோட சொத்து, கை வைக்காதே!' என்று ஒரு கூட்டம் மறித்தது.

1601-ல் ஸ்டார் சேம்பர் நீதிமன்றம் விசாரித்தது. ட்வைனுக்குக் கடன் பாக்கி இருந்தது நிஜம்தான். ஆனால் ஆடுகள் பியர்ஸிடமேதான் இருந்தன! அவரே ரோமம் கத்தரித்தார், தன் முத்திரையைக் குத்தினார், சிலவற்றை விற்கவும் செய்தார். இது எந்த ஊர் கொடை? கடன் கொடுத்தவரை ஏமாற்றச் செய்யும் பெயர் மாற்றம் செல்லாது என்று 1571-லேயே முதலாம் எலிசபெத் காலத்துச் சட்டம் சொல்லியிருந்தது. எழுதிக் கொடுத்தது செல்லாமல் போயிற்று.

அந்தச் சட்டத்தின் பேரப்பிள்ளைதான் இன்று அமெரிக்காவில் திவால் ட்ரஸ்டி கையிலிருக்கும் அதிகாரம். மூழ்கிய கம்பெனியில் மிச்சத்தை எண்ணுவதோடு அவர் வேலை முடியாது. மோசடியாக வெளியே போன பணத்தையும் துரத்திப் பிடிக்கலாம்.

2008 டிசம்பரில் நியூயார்க்கில் பெர்னார்ட் மேடாஃப் பிடிபட்டார். புதிதாக வந்தவரின் பணத்தை எடுத்து, பழையவருக்கு 'லாபம்' என்று கொடுத்த ஆசாமி. காகிதத்தில் சுமார் 6,500 கோடி டாலர் இருந்தது. கஜானாவில் இல்லை. ட்ரஸ்டியாக வந்த இர்விங் பிகார்ட் ஒரே கேள்விதான் கேட்டார்: போட்டது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு? போட்டதற்கு மேல் எடுத்தவரிடம், கூடுதலைத் திருப்பிக் கேட்டார்.

ஜெஃப்ரி பிகோவர் என்ற பணக்காரரின் குடும்பம் 2010-ல் 720 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ட்ரஸ்டிக்கு 500 கோடி, மீதி அரசாங்கத்துக்கு. சரி, பெரிய இடம். ஆனால் சூது தெரியாத ஓய்வூதியக்காரர்களுக்கும் நோட்டீஸ் போனது. 'நாங்க என்ன தப்பு செஞ்சோம்? வந்ததைச் செலவழிச்சுட்டோமே!' என்று அவர்கள் பதறினார்கள்.

நியாயமான பதற்றம்தான். சட்டமும் கொஞ்சம் இரங்கியது. ஏதும் அறியாதவரிடம் அவர் போட்ட முதலைத் தொடவில்லை. கடைசி 2 வருடங்களில் எடுத்த கூடுதலை மட்டும் கேட்டது. அதற்கு மேல் இரங்க முடியவில்லை. ஏனென்றால் இந்தப் பாட்டி கையில் லாபமாக வந்தது, இன்னொரு பாட்டி போட்ட முதல்.

இப்படி 1,400 கோடி டாலருக்கு மேல் மீண்டது. ஆட்டின் மேலாவது முத்திரை இருந்தது. பணத்தின் மேல் அது கிடையாதே! அதனால்தான் ஒருவர் கணக்கு நோட்டோடு பின்னாலேயே ஓட வேண்டியிருக்கிறது.