அழுத்தத்திற்கு ஒரு மறுவழி: கம்பம் பள்ளத்தாக்கின் எண்ணெய் இயந்திரமும் இரைச்சல் பாலமும்

1895 அக்டோபரில் பெரியாற்று அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பப்பட்ட பிறகு, கம்பம் பள்ளத்தாக்கில் லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் வயல்கள் இருபோக நெல் விளையும் நஞ்சையாக நிலைபெற்றன. வாய்க்கால் மட்டத்திற்கு மேலே கிடந்த மேட்டு நிலங்களோ கிணற்றையே நம்பியிருந்தன. அணையின் புகழ் பெரிது. ஆனால் நீரிறைக்கும் கருவிகள் மாறிய கதை அந்த மேட்டு நிலத்தில்தான் நடந்தது என்பதால், இப்பள்ளத்தாக்கின் வரலாற்றை அணையோடு முடித்துவிடுவது பாதிக் கதையாகவே நின்றுவிடும்.

கிணற்றின் பழைய கருவி கமலை. இரண்டு மாடுகள் சரிவுப் பாதையில் இறங்கும்போது வடம் சால் எனும் நீர்க்கலத்தை மேலே இழுக்க, அதன் அடியில் கட்டிய தும்பி எனும் தோல்வாய் நீரைத் தொட்டியில் கொட்டும். 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், சென்னை மாகாணத் தொழில் வளர்ச்சிக்குப் பொறுப்பேற்றிருந்த ஆல்பிரட் சாட்டர்டன், கிணற்றுப் பாசனத்திற்கு எண்ணெய் இயந்திரத்தையும் பம்பையும் பரப்ப முனைந்தார். அக்கால இயந்திரங்களுள் பல, உருளையோடு இணைந்த ஓர் உலோகக் குமிழை முதலில் விளக்கால் சூடேற்றிய பின்னரே ஓடத் தொடங்குபவை. ருடால்ஃப் டீசல் 1897இல் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டிய இயந்திரமோ விளக்கையும் தீப்பொறியையும் நாடாமல், காற்றை முப்பது நாற்பது மடங்கு அழுத்தத்திற்கு இறுக்கி, அந்த இறுக்கத்தில் எழும் வெப்பத்தாலேயே எண்ணெயை எரித்தது. இறுகிய காற்றை எதிர்த்து எண்ணெயை உள்ளே செலுத்த அதைவிட உயர்ந்த அழுத்தம் தேவைப்பட்டதால் தொடக்கத்தில் தனிக் காற்றழுத்திகளே பயன்பட்டன. 1927இல் பாஷ் நிறுவனம் எண்ணெய்ப் பம்புகளைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த பிறகே டீசல் இயந்திரம் சிறு கிணறுகளுக்கும் ஏற்ற அளவுக்குச் சுருங்கியது.

ஊர்ப் பேச்சில் 'ஆயில் இன்ஜின்' என்றே பெயர் பெற்ற இந்த இயந்திரத்தோடு ஒரு புதிய கைத்திறனும் உழவர் வாழ்வில் புகுந்தது. அழுத்தம் குறைந்தால் புகை, மிகுந்தால் முட்டல் என்பது மெக்கானிக்கின் முதற்பாடம். எண்ணெயைத் தூவும் நுண்துளை முனையான நாசிலில் கரி படிந்தாலோ, அதன் ஊசி சிக்கிக்கொண்டாலோ, ஊசியை அமுக்கும் வில்சுருளின் திருகு அளவுக்கு மேல் முறுக்கப்பட்டாலோ, போக வழியற்ற எண்ணெய் குழாய்க்குள்ளேயே இறுகி, இணைப்புகளில் கசிந்து, பம்பின் தண்டையும் தேய்த்துவிடும். இதைக் கண்டறிய நாசிலைக் கழற்றி, குழாயோடு சேர்த்து வெளியே திருப்பிப் பொருத்தி, இயந்திரத்தைக் கைப்பிடியால் மெல்லச் சுற்றுவார்கள். சரியான நாசில் ஒரு கிறீச்சொலியோடு பனிப்புகை போலத் தூவும். கெட்டது நூலாகப் பீய்ச்சும், அல்லது சொட்டும். நூறு கிலோ அழுத்தத்துக்கு மேல் பாயும் அந்த நூல் தோலைத் துளைத்துவிடும் என்பதால், அதன் முன்னே கை வைக்கலாகாது என்பதும் இத்தொழிலின் கண்டிப்பான விதி.

போக வழியற்ற எரிபொருளின் இதே சிக்கல் கடலில் வேறு வடிவில் வந்தது. வெளியேறும் புகையால் சுழலும் விசிறியைக் கொண்டு காற்றை முன்கூட்டியே அழுத்தி இயந்திரத்துக்குள் திணிக்கும் மிகையூட்டல் முறைக்கு ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் காப்புரிமை பெற்றார்; 1920களில் அது கப்பல்களில் ஏறியது. மிகையூட்டிய பெட்ரோல் படகு இயந்திரங்களில் உள்ளே திணிக்கும் காற்றழுத்தம் உயரும் அதே அளவுக்கு எரிபொருள் அழுத்தமும் உயர வேண்டும். அந்த வேலையை ஒழுங்கி எனும் சிறு தகட்டு அடைப்பான் செய்து, மிஞ்சியதைத் திரும்பு குழாயில் தொட்டிக்கு அனுப்புகிறது. அழுத்தம் எல்லை மீறினால் தேர்ந்த மெக்கானிக் முதலில் பம்பைச் சந்தேகிப்பதில்லை. திரும்பு குழாயைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் விட்டுப் பார்க்கிறார். உடனே அழுத்தம் இறங்கினால் அடைப்பு திரும்பும் வழியில் உள்ளது, இறங்காவிட்டால் ஒழுங்கி பழுது.

போக வழியற்ற அழுத்தம் கேடாகும் என்று கிணற்றோரத்து உழவர் கண்ட அதே பாடத்தை, அளவில் மாறுபட்டதாக, 1950களின் இறுதியில் பள்ளத்தாக்கின் தலைப்பகுதியே கற்றது. லோயர்கேம்ப் நீர்மின் நிலையத்திற்காகத் தேக்கடி மேட்டிலிருந்து நான்கு பெருங்குழாய்கள் மலைச்சரிவில் இறக்கப்பட்டன. ஆயிரம் அடிக்கும் மேற்பட்ட அந்த இறக்கத்தின் அடியில் நீரின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு முப்பது கிலோவைத் தாண்டுகிறது. டீசல் உருளைக்குள் இறுகும் காற்றின் அழுத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஓடும் நீரை அடைப்பானால் திடீரென நிறுத்தினால் அதன் வேகமெல்லாம் குழாய்ச்சுவரில் அடியாக மாறும் என்பதால் மூடுவதைப் படிப்படியாகவே செய்ய வேண்டியிருக்கிறது.

இங்கு பிறந்த மின்சாரம் மோட்டாராகக் கிணற்றடிக்கு வந்து, 1990இல் உழவர் எல்லோருக்கும் கட்டணமில்லாமல் கிடைக்கத் தொடங்கியபோது, எண்ணெய் இயந்திரம் பின்வாங்கியது. பம்பை ஓட்டும் சக்தி மாறியதே தவிர, மிகுந்த நீருக்குத் தனிவழி வேண்டும் என்ற தேவை மாறவில்லை. நிலையத்தில் பராமரிப்புப் பணி நடக்கும்போதும், குழாய்கள் கொள்ளாத அளவுக்கு நீர் திறக்கப்படும்போதும், தண்ணீர் இரைச்சல் பாலம் எனும் மாற்றுப் பாதை வழியே திருப்பப்படுகிறது. பேரொலியோடு பாறைகளில் விழுந்து இறங்கும் அந்த நீர், குழாயில் இறங்கி மின்சாரம் தந்து வெளியேறிய நீரோடு கீழே கலந்து, அதே இருபோக வயல்களின் வாய்க்கால்களுக்குள் நுழைகிறது.