புறப்பாட்டிற்கு முன்: கால்டுவெல், போப் ஆகியோரின் பயிற்சிக் காலம்

முன்னுரை

சென்னைக் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் இன்று இயங்கிவரும் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் அடித்தளம் மூவரின் தொகுப்புகளாகும். காலின் மெக்கன்சி, ஜான் லெய்டன், சார்லஸ் பிலிப் பிரவுன் என்னும் அம்மூவருள் பிரவுன் தெலுங்கு மொழிக்கு ஆற்றிய பணி பரவலாக அறியப்பட்டது. இராபர்ட் கால்டுவெல்லின் தொடக்கக் கல்வியில் அவருக்கு இருந்த பங்கு அந்த அளவிற்குப் பேசப்படுவதில்லை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல், பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னர்ச் சென்னையில் கரையிறங்கியபோது இருபத்துமூன்று வயது இளைஞர். அவ்விளைஞர் எங்கு, எவரிடம், எதனைக் கற்றார் என்னும் வினாவை ஜி.யு. போப்பின் பயிற்சிக் காலத்தோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. மறைப்பணியாளர்களின் தமிழ்ப்பணி குறித்த நூல்கள் பெரும்பாலும் அவர்கள் இந்தியாவில் ஆற்றிய செயல்களிலிருந்தே தொடங்குகின்றன. அதற்கு முற்பட்ட ஆண்டுகள் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகின்றன.

பயிற்சியற்ற முன்னோடிகள்

சீர்திருத்தச் சபையின் முதல் தொண்டர்களுக்கு நாட்டுமொழிப் பயிற்சி எதுவும் அளிக்கப்படவில்லை. சீகன்பால்கு ஜெர்மனியின் ஹாலேயில் சிறிது காலமே பயின்றார். 1705 நவம்பர் 11ஆம் நாள் கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, அம்மாத இறுதியிலேயே கப்பலேறினார். 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தபோது அவருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இருப்பிடத்திற்கு வரவழைத்து, அவருடைய மாணவச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதிப் பழகினார். ஹாலே அவருக்குப் பக்தியையும் ஒழுங்கையும் கற்பித்தது; தமிழைக் கற்பித்தது தரங்கம்பாடியே. அடுத்த நூறாண்டிற்கு மேலாக இந்நிலை பெரிதும் மாறவில்லை. இறையியலுக்குக் கல்லூரியும் மொழிக்கு நேரடி வாழ்வும் என்பதே சங்கங்களின் வழக்கமாயிற்று.

கிளாஸ்கோ

1814 மே 7ஆம் நாள் அயர்லாந்தில் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்த கால்டுவெல்லுக்கு முறையான பள்ளிக்கல்வி குறைவு. கிளாஸ்கோவில் வளர்ந்த சிறுவயதில் தாமே தேடிப் படித்தவர். பின்னர் டப்ளினில் ஓவியக் கலை பயின்றார். இருபதாம் வயதில் இலண்டன் மிஷனரிச் சங்கத்தில் சேர்ந்தார். 1795இல் நிறுவப்பட்ட அச்சங்கம் அவரை உடனே கப்பலேற்றிவிடாமல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திற்கு அனுப்பியது. சங்கம் எதிர்பார்த்தது கல்வியறிவுள்ள ஒரு போதகரை. கிடைத்ததோ மொழியியலில் நாட்டங்கொண்ட ஒரு மாணவர். கிரேக்கப் பேராசிரியர் டேனியல் சாண்ட்ஃபோர்டின் விரிவுரைகள் மொழிகளை ஒப்பிட்டு நோக்கும் ஆர்வத்தை அவருள் விதைத்தன. 1837இல் பட்டம் பெற்ற ஆண்டிலேயே ‘மேரி ஆன்’ என்னும் கப்பலில் அவர் புறப்பட்டார்.

இங்கு ஒன்றைக் கருதவேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தில் அவர் பெற்றது தமிழறிவன்று. கிரேக்கத்தையும் பிற மொழிகளையும் அருகருகே வைத்து ஒற்றுமை காணும் பழக்கம். பிற்காலத்தில் தமிழையும் துளுவையும் தோடர் மொழியையும் ஒரே பக்கத்தில் நிறுத்தியது அப்பழக்கமே. பயிற்சி என்பதைப் பாடப்பொருளாக மட்டும் எண்ணுவோர் இதனைத் தவறவிடுவர்.

கப்பலில் ஒரு வகுப்பு

அக்கப்பலில் உடன் பயணம் செய்தவர் சி.பி. பிரவுன். கும்பினி அரசின் குடிமைப் பணியாளராகிய அவர், 1817இல் சென்னைக்கு வந்து புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் பயின்றவர். 1812இல் எல்லிஸ் துரையின் முயற்சியால் தோன்றிய அக்கல்லூரி, இளம் அதிகாரிகள் நாட்டுமொழிகளில் தேர்ச்சி பெற்ற பின்னரே பணிக்குச் செல்லவேண்டும் என்னும் நெறியில் இயங்கியது. பிரவுனுக்குத் தெலுங்கு கற்பித்தவர் வேலகபூடி கோதண்டராம பந்துலு. விடுமுறையில் இலண்டன் சென்றிருந்த காலத்தில் இந்தியா ஹவுஸ் நூலகத்தில் குவிந்து கிடந்த தென்னிந்தியச் சுவடிகளைப் பிரவுன் ஆராய்ந்திருந்தார். அவற்றோடு கொண்ட பழக்கம் மாறாத நிலையில்தான் அவர் கப்பலேறினார். அவரிடமிருந்து கால்டுவெல் வடமொழியிலும் தெலுங்கிலும் தொடக்கப் பாடம் கேட்டார்.

திராவிட மொழிகள் வடமொழியினின்று பிறந்தவையல்ல என்பதை எல்லிஸ் 1816இலேயே, கேம்பலின் தெலுங்கு இலக்கணத்திற்கு எழுதிய முன்குறிப்பில் நிறுவியிருந்தார். அக்கருத்து உருவான கல்லூரியின் பழைய மாணவரே கப்பலில் கால்டுவெல்லின் முதல் ஆசிரியர். இதனால் பிரவுன் எல்லிஸின் கோட்பாட்டைக் கடலிலேயே எடுத்துரைத்தார் என்று முடிவு கட்ட இயலாது. ஆயினும் கும்பினி தன் அதிகாரிகளுக்காக அமைத்த மொழிக் கல்வியின் பயன், அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லாத மறைப்பணிச் சங்கத்தின் இளைஞர் ஒருவருக்குத் தற்செயலாகக் கிட்டியது என்பதில் ஐயமில்லை.

சென்னையில் மூன்றாண்டுகள்

1838 ஜனவரி 8ஆம் நாள் சென்னையை அடைந்த கால்டுவெல், 1841 வரை இந்நகரிலேயே தங்கித் தமிழ் பயின்றார். அவருடைய உண்மையான பயிற்சிக்கூடம் இதுவே. அன்றைய சென்னையில் கற்போருக்கு உதவும் நூல்கள் அச்சில் இருந்தன. கொடுந்தமிழுக்கு வீரமாமுனிவர் எழுதிய இலக்கணம் தரங்கம்பாடியில் 1738இலேயே வெளிவந்திருந்தது. இரேனியஸின் தமிழ் இலக்கணம் 1836இல் வெளியாயிற்று. இராட்லரின் அகராதி 1834 தொடங்கிப் பகுதி பகுதியாக வந்துகொண்டிருந்தது.

நூல்களினும் பெரிய துணை புலவர்கள். அவர்களுள் இயற்றமிழாசிரியர் இராமாநுசக் கவிராயர் முதன்மையானவர். துரு, வின்சுலோ, போப் ஆகிய மூவரும் அவரிடம் பாடங்கேட்டவர்கள். கால்டுவெல்லின் சங்கத்தையே சேர்ந்த துரு 1840இல் திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டபோது, பரிமேலழகர் உரையுடன் கவிராயரின் விளக்கமும் அதில் இடம்பெற்றது. மாணவர் பெயரோடு ஆசிரியர் பெயரும் அச்சேறிய அரிய நிகழ்வு இது. மற்ற முன்ஷிகளும் பண்டிதர்களும் பெரும்பாலும் பெயரின்றியே வரலாற்றிலிருந்து மறைந்தனர். மறைப்பணியாளர்களின் தமிழ்த்தொண்டைப் போற்றும் நம் நூல்களும் இக்குறையை நிரப்ப முயலவில்லை என்றே கூறவேண்டும்.

1841இல் கால்டுவெல் இலண்டன் சங்கத்தை விட்டு விலகி, ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த நற்செய்திப் பரப்புச் சங்கத்தில் இணைந்தார். அவ்வாண்டில் சென்னையிலிருந்து புறப்பட்டுப் பெரும்பகுதி நடந்தே தஞ்சை, திருச்சிராப்பள்ளி வழியாக நீலகிரியை அடைந்தார். பேராயர் ஸ்பென்சரிடம் அங்குக் குருப்பட்டம் பெற்று, கோயம்புத்தூர், மதுரை வழியாக ஆண்டிறுதியில் இடையன்குடி சேர்ந்தார். மக்களையும் அவர்தம் பேச்சையும் நேரில் அறியும் விருப்பமே நடைப்பயணத்திற்குக் காரணம். மூன்றாண்டு ஏட்டுத் தமிழுக்குப் பின் வட்டாரந்தோறும் மாறும் பேச்சுத் தமிழைச் செவிவழிக் கேட்ட அப்பயணத்தையும் பயிற்சியின் பகுதியாகவே கொள்ளவேண்டும்.

1844இல் அவர் மணந்த எலிசா மால்ட் நாகர்கோவிலில் மறைப்பணியாளர் குடும்பத்தில் வளர்ந்தவர். எந்தச் சங்கமும் பயிற்றுவிக்காமலேயே தமிழ் அவருக்கு வாய்த்திருந்தது.

ஹாக்ஸ்டன் மாணவர்

போப்பின் வழி வேறு. 1820 ஏப்ரல் 24ஆம் நாள் கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த அவர், வெஸ்லியன் சபையின் ஹாக்ஸ்டன் கல்விக்கூடத்தில் பயின்றார். 1834இல் அச்சபை தன் போதகர்களைப் பயிற்றுவிக்க அமைத்த நிறுவனம் அது. பதின்ம வயதிலேயே தென்னிந்தியப் பணியை விரும்பிய போப், புறப்படுமுன்னரே தமிழ் கற்கத் தொடங்கினார். கப்பலிலும் அதனைத் தொடர்ந்தார். 1839இல் சென்னையில் இறங்கியவுடன் தமிழிலேயே உரையாற்றினார் என்று தமிழ் நூல்கள் வியந்து கூறுவதுண்டு. எழுதி வைத்துப் படித்த உரையாக அது இருந்திருக்கக்கூடும். பத்தொன்பது வயதில், தமிழரின் பேச்சொலியைக் கேட்டுப் பழகாத ஒருவரிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமன்று. கரையிறங்கிய பின் அவரும் கவிராயரின் திண்ணைக்கே செல்லவேண்டியிருந்தது என்பதே இங்குப் பொருட்படுத்தத்தக்கது. இலக்கண நுட்பமும் குறளில் தோய்வும் ஹாக்ஸ்டனிலிருந்து வந்தவையல்ல.

போப்பும் பின்னர் ஆங்கிலத் திருச்சபைக்கு மாறிச் சாயர்புரத்தில் கல்விப்பணி செய்தார். இந்தியாவை விட்டு நீங்கி 1880களின் நடுவில் ஆக்ஸ்ஃபோர்டில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் ஆசிரியரானார். 1886இல் திருக்குறளையும், 1893இல் நாலடியாரையும், 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் அவர் தந்தது அங்கிருந்துதான். சென்னை மாகாணத்திற்குப் புறப்படவிருந்த குடிமைப் பணிப் பயிற்சியாளர்கள் அவருடைய வகுப்பில் அமர்ந்து தமிழ் எழுத்துகளைக் கற்றனர். இராமாநுசக் கவிராயர் மறைந்து அப்போது முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.