சரிதையும் செரித்தாவும்

ஜொகூர் பாருவில் மலாய்ச் சிறுவர் நூல்களைப் புரட்டினால் 'செரித்தா' என்ற சொல் கண்ணில் படாமல் போகாது. கதை என்று பொருள். பழைய ஏடுகளில் இது 'செரித்தெரா'. நாம் சரிதை, சரித்திரம் என்கிறோமே, அதே வடசொல்தான் கடல் கடந்து இப்படித் திரிந்தது. வரலாற்றுக்கு மலாய்க்காரர்கள் அரபியிலிருந்து 'செஜாரா'வை எடுத்துக்கொண்டார்கள். அரபியில் அது மரம், அதாவது வம்சமரம். செரித்தா கதைக்கே நின்றுவிட்டது. 'கதா'வும் இங்கே வந்தது. ஆனால் 'காத்தா' என்றால் மலாயில் சொல். பேசுவதைக் 'கதைக்கிறது' என்னும் யாழ்ப்பாண வழக்கை இது நினைவூட்டுகிறது.

சரிதையின் வேர் 'சர்': நடத்தல், திரிதல். ஒருவர் நடந்துகொண்ட விதமே சரிதை. நம் 'வரலாறு'ம் வந்த வழிதான். கதைக்கு உயிர் நடப்பில் இருக்கிறது, வருணனையில் இல்லை என்று நான் உறுதியாக நம்புவதற்கு இந்தச் சொற்களும் ஒரு காரணம்.

இதற்குச் சான்று ஜொகூரிலேயே உண்டு. ஜொகூரின் பெண்டஹாரா, அதாவது முதலமைச்சர், துன் ஸ்ரீ லானாங் 1612இல் தொகுத்ததாகக் கருதப்படும் 'சுலாலத்துஸ் சலாத்தின்' என்னும் மலாய் நூலில் ராஜா சூலன் வருகிறான். சோழன் என்ற பெயரே அப்படி ஆனது என்பர். ராஜேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பின் நிழல் அதில் தெரிகிறது. சீனத்தை வெல்லப் புறப்பட்டவன் தெமாசிக் வரை, அதாவது இன்றைய சிங்கப்பூர் வரை, வந்துவிடுகிறான். சீன அரசன் படை அனுப்பவில்லை. ஒரு கப்பல் அனுப்புகிறான். அதில் பல் விழுந்த கிழவர்கள், துருப்பிடித்த ஊசிகள், காய்த்து நிற்கும் இலந்தை மரங்கள். சீனம் எவ்வளவு தூரம் என்று சூலனின் ஆட்கள் கேட்கிறார்கள். புறப்பட்டபோது எங்களுக்குப் பன்னிரண்டு வயது, இந்த மரங்கள் அன்று நட்ட விதைகள், இந்த ஊசிகள் கைப்பருமன் இரும்புக் கம்பிகளாக இருந்தவை என்கிறார்கள் கிழவர்கள். சூலன் திரும்பிவிடுகிறான்.

'வெகுதூரம்' என்று ஆசிரியர் தம் குரலில் சொல்லவில்லை, சூலன் வாயால்தான் அது வருகிறது. துருவேறிய ஊசியைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். சூலனோடு சேர்ந்து நாமும் தூரத்தைக் கணக்கிடுகிறோம். கதை சொல்லும் திறம் இதற்குமேல் என்ன?

மலேசியத் தமிழருக்கு மலாய் பள்ளியிலேயே வந்துவிடுகிறது. தமிழில் கதை எழுத விரும்பும் ஜொகூர் இளைஞர்களே, இந்த நூலை மூலத்திலேயே படியுங்கள். கப்பல் வரும் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.