மருத்துவ மாணவர் பயிற்சிப் பதிவேடு: தாளிலிருந்து இணையத்துக்கு

மருத்துவ மாணவர் தாம் பார்த்த நோயாளிகளையும் செய்த செயல்முறைகளையும் தேதிவாரியாகக் குறித்து ஆசிரியரின் ஒப்பம் பெறும் ஆவணம் பயிற்சிப் பதிவேடு. கல்லூரிகளில் இது லாக் புக் எனப்படுகிறது.

வரலாறு

1835இல் தொடங்கிய சென்னை மருத்துவப் பள்ளி 1850இல் கல்லூரியானது. நெடுங்காலம் வார்டில் கழித்த வாரங்களும் வருகைப்பதிவும் தேர்வும்தான் பயிற்சியின் அளவுகோல்கள். இந்திய மருத்துவக் கழகத்தின் 2000ஆம் ஆண்டு விதிகள், பட்டமேற்படிப்பு மாணவர்கள் தாம் செய்த, உதவிய அறுவைச் சிகிச்சைகளைப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்றன.

2019இல் எம்.பி.பி.எஸ். படிப்புக்குத் திறன்வழிப் பாடத்திட்டம் வந்தது. சிரையில் ஊசி போடுவதை மாணவர் தாமே செய்துகாட்ட வேண்டும். இரத்தம் ஏற்றுவதைக் கவனித்தால் போதும் என்று ஒவ்வொரு திறனுக்கும் நிலை வகுக்கப்பட்டது. முதல் முயற்சியா, மறுமுயற்சியா, எதிர்பார்ப்பை எட்டினாரா என்பதும் பதிவாகிறது. பதிவேட்டை முடிக்காதவர் பல்கலைக்கழகத் தேர்வு எழுத இயலாது.

இணையப் பதிவு

பிரித்தானியாவில் அறுவை மருத்துவப் பயிற்சிக்கான இணையவழிப் பாடத்திட்டம் 2007இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகள், பட்டமேற்படிப்பு மாணவர்கள் மின்பதிவேட்டை வாரந்தோறும் புதுப்பிக்கவேண்டும் என்கின்றன.

இதன் தேவை கல்லூரிக்கு வெளியே தெளிவாகிறது. 2020 விதித்திருத்தப்படி பட்டமேற்படிப்பு மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட அளவிலான மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்தை எடுத்துக்கொண்டால், ஆரணியில் குழித்தறியில் நாள் முழுதும் அமர்ந்து பட்டு நெய்பவர் இடுப்புவலியோடு மருத்துவமனைக்கு வரக்கூடும். அவரிடம் மாணவர் என்ன கேட்டார், எப்படிப் பரிசோதித்தார் என்பதைத் தொலைவிலுள்ள வழிகாட்டி அந்த வாரமே காண இணையப் பதிவு உதவுகிறது.

சிக்கல்கள்

தாள் பதிவேட்டைத் தேர்வுக்கு முந்தைய இரவில் ஒரே பேனாவால் நிரப்பிவிட முடியும். இணையத்தில் பதிந்த நேரம் தெரிந்துவிடும். ஆனால், பதிந்தது உண்மையா என்பதைக் கணினி அறியாது. அருகிலிருந்து பார்த்த ஆசிரியரே அறிவார். பார்க்காமலே ஒப்புதல் அளித்தால் மின்பதிவேடும் எண்ணிக்கைப் பட்டியலாகிவிடும். அந்தப் பட்டியலை நம்பிக் கைநீட்டி ஊசி போட்டுக்கொள்பவர் நோயாளி. எனவே நோயாளியின் பெயரோ அடையாளமோ இடம்பெறாத, ஆசிரியர் நேரில் கண்டு ஒப்பமிட்ட பதிவே பயிற்சிக்குச் சான்றாகும்.